மனையும் மன்றும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மரக்காணத்துக்கு அணித்தே நம் சங்கத்தார் வாங்கியுள்ள 2 ஏக்கர் நிலத்தை மனைகளாகப் பகுத்து, வீடற்ற நம் குடும்பங்களுக்கு எளிய விலையில் வழங்க முன்வந்தமை பெரிதும் பாராட்டற்பாலது. ஆயினும், பொதுவெளிக்குரிய பகுதிக்கு ஈடாகப் பணங்கட்டிவிட்டு அதனையும் மனையாக்கலாமென்று சிலர் கருதுவதாகக் கேள்வியுறுகின்றோம். அது தக்கதன்று என்பதை எடுத்துரைத்தலே எம் நோக்கமாகும்.

2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுரமீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக நூற்றுக்குப் 10 பங்கு பொதுவெளியாக விடப்படல்வேண்டும். அதனிற் குறைந்த நம்மனைய நிலங்கட்கே பணங்கட்டும் வழி உண்டு. சாலைக்கு 50 சென்ட் போக எஞ்சிய 150 சென்டில், பொதுவெளி 15 சென்டாம். மனைக்கு 3 சென்ட் வீதம் ஐந்து மனைகள். வழக்கு இவ்வைந்து மனைகளைப் பற்றியதே.

நம் முன்னோர் ஊரமைத்த காலத்து, மனைக்கு முன்னரே மன்றுக்கு இடம் விடுத்தனர். பொது என்னுஞ் சொல்லினின்றே பொதியில் என்னும் பெயர் பிறந்தது. நெய்தல் நிலத்தார்க்கோ கடற்கானலே மன்றாயிற்று. ஆங்கு மகளிர் மணற்பாவை செய்தும் நண்டினை அலைத்தும் விளையாடிய செய்திகளைச் சங்கச் செய்யுட்கள் பலவற்றிற் காண்கின்றோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அத்தகைய பட்டினத்தின் வழிவந்த சிறார்க்கு இன்று விளையாடுமிடம் யாது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்திகள் விரைகின்றன; எஞ்சிய வெளியெல்லாம் சுற்றுச்சுவருக்குள் அடங்குகின்றது.

எம் அனுபவமொன்று கேண்மின். யாம் குடியிருக்கும் மனைப்பிரிவின் வரைபடத்தில் பூங்கா என்றொரு கட்டம் பச்சைவண்ணத்தில் இருந்தது. அதனை நம்பியே யாமும் மனை வாங்கினோம். ஆண்டுகள் சிலவற்றுள் அவ்விடத்துக்கு வேலி வந்தது. பின்னர் வீடு எழுந்தது. சிறுவர் தெருவிற் பந்தாடலாயினர். ஒருநாள் மாலை, எம் மாணாக்கன் ஒருவன் பந்தைத் தொடர்ந்தோடி இருசக்கர வண்டியில் மோதுண்டு காலொடிந்தான். அவன் அன்னை எம்மை நோக்கி, "ஐயா, பிள்ளை வேறெங்கே விளையாடுவான்?" என்று வினவியபோது யாம் விடையின்றி நின்றோம்.

பொதுவெளி சிறுவர்க்கு மட்டுமன்று. பகலெல்லாம் பாத்தியிலே உப்புநீரில் நின்று, வெண்ணுப்பின் ஒளியாற் கண்கூசித் திரும்பும் உழைப்பாளிக்கு, மாலையில் மரநிழலும் காற்றும் மருந்தாகும். வயதுவந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலியக்கம் மேற்கொள்ளல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நீரிழிவு கண்ட முதியோர் சாலையோரத்தில் அஞ்சியஞ்சி நடத்தல் எங்ஙனம் இயலும்? வீட்டினுள்ளேயே அடைபட்டிருக்கும் மகளிர், அண்டைவீட்டாருடன் அளவளாவவும் ஓரிடம் வேண்டாவோ?

அமெரிக்காவில் 1929-இல் குடியேறப்பெற்ற ரேட்பர்ன் என்னும் ஊரில், வீடுகளைப் பூங்காவை நோக்கி அமைத்து, ஊர்திகள் செல்லாத நடைவழிகளால் இணைத்தனர். சிறுவர் வண்டிப்பாதையிற் படாமலே ஆடிடம் சென்றனர். அவ்வளவு நிலம் நமக்கில்லை. ஆயினும் 15 சென்டில், நடுவே ஆடுகளமும் அதனைச் சுற்றி ஆறடி நடைபாதையும் அமைத்தல் கூடும். உவர்மண்ணையும் உப்புக்காற்றையும் தாங்கும் பூவரசும் புன்னையும் இருமருங்கும் நிழல்தரும். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கழுவேலி ஏரிக்குப் பனிக்காலத்தில் வரும் பூநாரைகளைக் காண, சிறாரை அழைத்துச் செல்லும் வழக்கமும் இந்நடையினின்று தொடங்கலாம்.

"ஐந்து குடும்பங்கள் வீடிழக்குமே" என்பீராயின், அவ்வினா நேரியதே. அவ்வைவர்க்கும் அடுத்து வாங்கும் நிலத்தில் முதலுரிமை என இன்றே தீர்மானம் எழுதுவோம். பொதுவெளிக்கு ஈடாகக் கட்டும் பணமோ எவ்வாற்றானும் நம்மிடம் மீளாது. அவ்வெளியைப் பேரூராட்சிக்குத் தானப்பத்திரத்தாற் பதிந்து கொடுப்போம். வேலியிடுவார் கைக்கு அஃது எட்டாது.

விற்ற மனை ஒருவர்க்கே உரித்து; விட்ட மன்றோ பிறக்கப்போகும் பிள்ளைகள் யாவர்க்கும் உரித்து. ஆராய்ந்து முடிவு செய்வீராக!