வணிக மேலாண்மையின் அடிப்படைகளைக் கற்போம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தோன்றியபோது நம் முன் நின்ற கேள்வி ஒன்றே: நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டுவார்களா? இன்று நம் தெருக்களில் பட்டதாரிகள் பலர் உளர். ஆனால் பட்டம் பெற்று வரும் பிள்ளையிடம் நாம் கேட்பது, "சர்க்கார் வேலை கிடைத்ததா?" என்பதுதான். இட ஒதுக்கீடு நம் உரிமை. அதில் இம்மியும் விட்டுக்கொடுக்கலாகாது. எனினும், உள்ள பதவிகள் நம் பிள்ளைகள் அனைவர்க்கும் போதா. எஞ்சியோர் சொந்தத் தொழிலில் இறங்கத்தான் வேண்டும். இறங்குவோர் அதற்குரிய கல்வியோடு இறங்குகின்றனரா என்பதே இன்றைய நம் பொருள்.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கடன் பெற்று வெல்டிங் பட்டறை வைத்தார். கைத்திறன் மிக்கவர், விடியுமுன் பட்டறை திறப்பவர். இரண்டு ஆண்டுகளில் பட்டறை மூடப்பட்டது. நேரில் சென்று விசாரித்தோம். "ஐயா, வேலைக்குக் குறைவே இல்லை. பணந்தான் கையில் நிற்கவில்லை" என்றார். கணக்கு எங்கே என்றோம். சுவரிலே சுண்ணக்கட்டியால் எழுதிய சில பெயர்களைக் காட்டினார். அவை வரவேண்டிய பாக்கிகள்.

அங்கேயே அமர்ந்து ஓர் இரும்புக் கதவின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். இரும்பு, வெல்டிங் கம்பி, சாயம் ஆகியவற்றுக்கு ரூ. 6,500. விற்ற விலை ரூ. 8,000. ஆயிரத்து ஐந்நூறு லாபம் என்று அவர் எண்ணியிருந்தார். உதவியாளர் கூலி ரூ. 1,000, மின்சாரம், வாடகை, வட்டி ஆகியவற்றின் பங்கு ரூ. 400, தம் சொந்த உழைப்புக்கு இரண்டு நாள் கூலி ரூ. 1,200. ஆக அடக்கவிலை ரூ. 9,100. ஒவ்வொரு கதவிலும் ரூ. 1,100 நட்டம்! தம் உழைப்புக்கு விலை உண்டென்பதையே அவர் கணக்கில் கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் முன்னோரின் உழைப்பைக் கூலியின்றி வாங்கிய உலகம், நம் உழைப்புக்கு விலையில்லை என்று நம்மையே நம்ப வைத்துவிட்டது. அன்று நாம் தலைகுனிந்தோம். அவருக்கு முக்கோணவியல் கற்பித்த நாம், அடக்கவிலை காணக் கற்பிக்கவில்லையே!

மேலாண்மை என்பது பெருமுதலாளிகளின் இரகசியமன்று. பிரெஞ்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஆன்றி ஃபயோல் 1916-ல் வெளியிட்ட நூலில் அதனை ஐந்து செயல்களாக வகுத்தார்: திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். இவை ஐந்தும் பெட்டிக்கடைக்கும் பொருந்தும், கப்பல் கம்பெனிக்கும் பொருந்தும்.

கப்பல் கம்பெனி என்றதும் நம் தூத்துக்குடி நினைவுக்கு வருகிறது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பத்து இலட்ச ரூபாய் மூலதனத்தை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாக, நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரித்தார். சிறுதொகை உடையோரும் பங்குபெற வழி செய்தது சிறந்த திட்டம். தொடக்கத்தில் பிறர் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். அது கிடைக்காமற்போனபின் சொந்தக் கப்பலின் தேவை விளங்கிற்று. பகைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908-ல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்நிய ஆட்சியின் கொடுமையே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் தொழில் நடத்துவோர் மூன்று பாடங்களை மனத்திற்கொள்ளலாம்: பொருள் தருவோர் ஒருவரையே நம்பலாகாது, விலைப்போட்டியைத் தாங்கக் கையிருப்பு வேண்டும், தலைவர் இல்லாத நாளிலும் தொழில் நடக்க அடுத்தவரைப் பழக்கிவைத்தல் வேண்டும்.

அதே தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கி தோன்றியது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறி இன்றும் நிலைத்திருக்கிறது. கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட ஒரு சமூகம் சிறுகச் சேர்த்துப் பொதுநிதி திரட்டிய வரலாறு நாம் கருதத்தக்கது. அவர்களிடம் வாணிபமும் கடைவீதியும் இருந்தன. நம்மிடம் அவை இல்லை என்னும் வேற்றுமையையும் மறத்தலாகாது.

அறிவு மட்டும் போதுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருளாதாரத்தில் மேனாட்டுப் பட்டம் பெற்றுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் எச்சாதியினர் என்று அறிந்ததும் வாடிக்கையாளர் விலகினர், தொழில் நின்றது. 1918-ல் அந்நகரின் சைடன்காம் வணிகவியல் கல்லூரியிலேயே பேராசிரியரானார். அங்கும் ஒரே பானையில் நீர் அருந்தச் சகப் பேராசிரியர் சிலர் மறுப்புக் கூறினர். ஆகவே, கணக்குக் கற்றால் சாதி மறைந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. கடையில் ஆள் வராமற்போனால் அது சாதியாலா, சரக்காலா, விலையாலா என்று பிரித்தறியக் கணக்கு வேண்டும் என்கிறோம். நோய் இன்னதென்று தெரிந்தாலன்றோ மருந்து தேடலாம்?

உதவிகள் இல்லாமலில்லை. 1974-ல் நிறுவப்பட்ட தாட்கோ உண்டு. 2023-ல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை, முப்பத்தைந்து விழுக்காடு மூலதன மானியத்துடன் தொடங்கியது. ஆனால் மானியம் விதைநெல் போன்றது. உழத் தெரியாதவன் கையில் அது ஒரு வேளைச் சோறாகிவிடும்.

நாசரேத் மண்ணுக்குத் தொழிற்கல்வி புதிதன்று. கேனன் மர்காஷிஸ் 1878-ல் இங்குத் தொழிற்பள்ளி கண்டார். கைத்தொழில் கற்பித்த ஊர் இது. அத்தொழிலை நடத்தும் முறையையும் கற்பிப்போம்.

முடிவாக, இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, ஞாயிறு மாலைதோறும் கணக்கெழுதும் வகுப்பு. அடக்கவிலை, பேரேடு, வரவு செலவு, வங்கி நடைமுறை ஆகியவை போதும். இரண்டு, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் கணக்கை ஒரு திங்கள் எழுதிக் காட்டவேண்டும். பெண்மக்கள் முதலில் வரட்டும், வீட்டின் கணக்கு அவர்கள் மனத்தில்தான் இருக்கிறது. மூன்று, சங்கத்தின் வரவு செலவும் மாதந்தோறும் பலகையில் ஒட்டப்படட்டும். நாம் செய்யாததைப் பிள்ளைகளுக்குப் போதித்தல் தகாது.

முதல் வகுப்பை நாமே எடுக்கிறோம். முதல் மாணவராக அந்தப் பட்டறைத் தம்பியை அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பட்டறைக் கதவு மீண்டும் திறக்கும் நாளே நமக்கு வெள்ளி விழா.