உழைக்கும் பொருள்

ஜவுளிக் கடையிலே ஒரு பெரியவர் வேட்டி வாங்க வருகிறார். துணியைக் கையில் எடுத்து, இரு விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். பிறகு, "இது உழைக்குமா?" என்று கேட்கிறார். "இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கும், ஐயா" என்கிறார் கடைக்காரர். நாம் பன்முறை கேட்டிருக்கும் உரையாடல்தான். ஆயினும் சற்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இல்லையா? ஏர் பிடிப்பவர் உழைக்கிறார்; தறி நெய்பவர் உழைக்கிறார். வேட்டி என்ன உழைப்பு உழைக்கிறது?

ஒரு பொருள் எத்தனை நாள் இருக்கும் என்பதைச் சொல்லத் தமிழிலே சொற்கள் பல உண்டு. புகழ் நிலைக்கும்; மழை நீடிக்கும்; பந்தற்கால் தாங்கும்; மூட்டை அரிசி மாதக் கடைசி வரையில் வரும்; செருப்பும் குடையும் உழைக்கும். இவற்றை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், செவி ஏற்காது. "அரிசி ஒரு மாதம் உழைத்தது" என்று எவரும் சொல்வதில்லை. காரணம் என்ன? அரிசி தீர்ந்து போகும் பொருள். செருப்பு தேய்ந்து போகும் பொருள். தீர்வதற்கு 'வரும்' என்றும், தேய்வதற்கு 'உழைக்கும்' என்றும் மக்கள் வழக்கு தெளிவாக வேறுபடுத்தி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் காணலாம். பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவை ஐம்பது ஆண்டு கெடாமல் இருக்கலாம். அது 'இருந்தது' என்போமே தவிர, 'உழைத்தது' என்று சொல்ல மாட்டோம். உடுத்தி, துவைத்து, வெயிலில் உலர்த்தி, மீண்டும் உடுத்த உடுத்தக் கிழியாமல் நின்ற புடவைதான் உழைத்த புடவை. ஆகவே, ஒருவருக்குப் பயன்பட்டுத் தேய்ந்துகொண்டே நிலைத்திருப்பதுதான் பொருளின் உழைப்பு. இச்சொல்லில் காலமும் இருக்கிறது, பயனும் இருக்கிறது.

விஞ்ஞானிகள் 'அரை ஆயுள்' என்றொரு சொல்லை வழங்குகிறார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டு. இன்று ஒரு கிராம் இருந்தால், அத்தனை ஆண்டு கழித்து அரை கிராமே ரேடியமாக எஞ்சும் என்பது பொருள். இது காலத்தை மட்டும் அளக்கும் சொல். பயனைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. விஞ்ஞானத்துக்கு அது போதும். வாழ்க்கைக்குப் போதுமா?

கடையிலிருந்து காய்கறி கொண்டுவரும் மெல்லிய பிளாஸ்டிக் பையை எண்ணுங்கள். அது உழைப்பது கால் மணி நேரம். மண்ணிலே மக்காமல் கிடப்பதோ பல தலைமுறைக் காலம். நீடிப்பு மிகுதி, உழைப்பு சொற்பம். ஒரு முறை பயன்படுத்தி எறியும் இத்தகைய பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு 2019 ஜனவரி முதல் தடை செய்ததன் நியாயத்தை இந்த இரண்டு சொற்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

இதற்கு மாறான கதையும் உண்டு. 1924ஆம் ஆண்டில் ஜெனீவா நகரிலே மின்விளக்கு உற்பத்தியாளர் பலர் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். விளக்குகள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது. கூடுதலாக எரியும் விளக்கைச் செய்தவர் தண்டம் கட்ட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நெடுநேரம் உழைக்கும் பொருளைச் செய்வதே குற்றமாயிற்று! "இது உழைக்குமா?" என்ற கேள்வி வெறும் சிக்கனக் கேள்வி அன்று, செய்தவரின் நேர்மையைச் சோதிக்கும் கேள்வியும் ஆகும்.

நிலைப்பும் உழைப்பும் ஒருங்கே அமைந்த பொருளும் நம் நாட்டில் உண்டு. கரிகாலன் கட்டியதாக வழங்கும் கல்லணை, இன்றும் காவிரி நீரைப் பிரித்து வயல்களுக்கு அனுப்புகிறது. ஆயினும் அது தானாகவே நின்றுவிடவில்லை. காலந்தோறும் அதைப் பழுது பார்த்தும் திருத்தியும் வந்திருக்கிறார்கள். கொள்ளிடத்தின் தலைப்பிலே 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய மேலணையும் நெடுங்காலம் உழைத்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் மதகுகள் ஒன்பது இடிந்து வீழ்ந்தன. உழைக்கும் பொருள் களைப்படையும். களைத்ததைக் கவனிக்க வேண்டியது அதன் பயனைத் துய்ப்பவர் கடமை.

வீட்டிலே உழைத்துக் களைத்தவரைத் தெருவில் தள்ளுவது முறையன்று என்பதை நாம் அறிவோம். குடையின் கம்பி வளைந்தால் நிமிர்த்தலாம். செருப்பின் வார் அறுந்தால் தைக்கலாம். துணியையும் குடையையும் 'உழைக்கும்' என்று சொல்லிய முன்னோர், அவற்றுக்கும் நம்மிடம் ஓர் உரிமை உண்டு என்பதை அச்சொல்லிலேயே வைத்துப் போயிருக்கிறார்கள். அடுத்த முறை கடையிலே "இது உழைக்குமா?" என்று கேட்கும்போது, "இதை உழைக்க விடுவோமா?" என்று நம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.