முதல் நாடகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகள் நாடகம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் ஆடிஷன். என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் நான் நடிகன் என்பதல்ல. பங்குனி, சித்திரையில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் எங்கே வள்ளி திருமணம் நாடகம் போட்டாலும் போய் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மதுரைக்கு இது புதிய சங்கதியில்லை. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் இங்கேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பிற்பாடு அவ்வை சண்முகம் என்று பேர் வாங்கிய டி.கே.சண்முகம் அந்த வருஷமே அண்ணன்மாரோடு அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஆறு வயது. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் குரல்தான் முதல் தகுதி. மைக் கிடையாது, பாட்டும் வசனமும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். குரல் உடைகிற வயதை மகரக்கட்டு என்பார்கள். அது வந்தால் பையன்கள் பாடு திண்டாட்டம்தான்.

இன்றைக்கும் அதில் பாதி மாறவில்லை. கத்துவது வேறு, கேட்கும்படி பேசுவது வேறு. மொட்டை மாடியில் ஒரு மூலையில் நீங்கள் நில்லுங்கள், எதிர் மூலையில் ஒரு நண்பரை நிறுத்துங்கள். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் அவர் காதில் விழுகிறதா என்று பாருங்கள். நாம் பெரும்பாலும் வாக்கியத்தின் வாலைத்தான் விழுங்குகிறோம்.

அடுத்தது மனப்பாடம். ஸ்பெஷல் நாடகத்தில் இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறு ஊரிலிருந்து. அன்று சாயங்காலம்தான் சந்திப்பார்கள். சில சமயம் மேடையில்தான். ஆனாலும் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கிறது. எப்படி? பாடம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதைவிட முக்கியம், எதிராளி சொல்வதை அவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தைக் கவனியுங்கள். நாரதர் எதைத் தூக்கிப் போடுவார் என்று வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது. தன் முறை எப்போது வரும் என்று மட்டும் காத்திருக்கிற நடிகர் அங்கே ஐந்து நிமிஷம் தாங்கமாட்டார்.

ஆகவே உங்கள் இரண்டு நிமிட வசனத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், துணி உலர்த்திக்கொண்டே சொல்லுங்கள். கை வேலை செய்யும்போதும் வசனம் தடுமாறாவிட்டால்தான் மனப்பாடம். உங்கள் வயதுக்கு ஒட்டிய பாத்திரமாக எடுங்கள். கட்டபொம்மன் வேண்டாம், சிவாஜியை ஏற்கெனவே எல்லோரும் பார்த்தாயிற்று. யாரிடம் பேசுகிறோம், அவரிடம் என்ன கேட்டு நிற்கிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். அதற்காக ஒரே மாதிரி கெட்டிப்படுத்திவிடாதீர்கள். "இதையே கோபமில்லாமல் சொல்லு" என்று கேட்பார்கள். சொன்னதை வாங்கி மாற்றுகிறவனா என்று பார்க்கிறார்கள். முதல் தடவை சரியில்லை என்று அர்த்தமில்லை. நடுவில் மறந்துபோனால் மன்னிப்புக் கேட்காதீர்கள். மூச்சு விட்டுத் தொடருங்கள்.

கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் உண்டு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் அங்கேதான் வழுக்குகிறார்கள். தினம் கால் மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்கள். ழகரம் தானாக வரும் என்று நம்பாதீர்கள்.

இப்போது பெற்றோருக்கு. ஒரு அப்பா லிஃப்டில் என்னிடம் கேட்டார்: "சார், இதில் சோறு கிடைக்குமா?" நியாயமான கேள்வி. ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு வருமானம் திருவிழாக் காலத்தில்தான். மற்ற மாதங்கள் கஷ்டம். அதை மறைக்கக் கூடாது. ஆனால் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பட்டம் முடித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. ஹிந்தியும் ஆங்கிலமும் ஓரளவு வேண்டும். ஏற்கெனவே நாடகங்களில் பங்கெடுத்திருக்கவும் வேண்டும். ஆக, பி.காம். முடிக்கிற வரை இங்கே மேடையேறிப் பழகட்டும் என்பதுதான் நான் அவரிடம் சொன்னது. நம் பொங்கல் விழா நாடகத்தையும் ஒரு மேடையாக நினைக்கலாம், சிரிக்காதீர்கள்.

"வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். சிறுவனாக இருந்தபோது சிவாஜி கணேசன் தான் ஒரு அனாதை என்று சொல்லித்தான் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அவருக்குச் சீதை வேஷம் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி அமையாது. நம் பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும், அப்பாவோ அம்மாவோ கூடப் போய் வாசலில் உட்காரட்டும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் ஒன்று. முறையான கல்வி நிறுவனத்தின் விண்ணப்பக் கட்டணம் வேறு. "தேர்வாகிவிட்டாய், முன்பணம் அனுப்பு" என்று வாட்ஸ்அப்பில் வருவது வேறு. இரண்டாவதற்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், ஓடிபி-யும் சொல்லாதீர்கள்.

வருகிற ஞாயிறு முதல் சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்கு வாருங்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். காதில் விழாவிட்டால் கையைத் தூக்குவேன்.