காற்று கல்லாகும் மேடு



ஐஸ்லாந்தின் தலைநகரமான ரெய்க்யவிக்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் பிரயாணம் செய்தால், மரம் என்று சொல்லத்தக்க ஒன்றையும் காணாமல், என்றோ ஒரு காலத்தில் பொங்கி வழிந்து உறைந்துபோன எரிமலைக் குழம்பின் கரடுமுரடான கரும்பரப்பும், அதன்மேல் வெல்வெட்டு விரித்தாற்போல் படர்ந்திருக்கும் சாம்பல் பூத்த பச்சைப் பாசியுமாக நீண்டு கிடக்கும் ஒரு மேட்டு நிலத்தை அடையலாம். ஹெல்லிஷெய்தி என்பது அதன் நாமதேயம். குகையின் மேடு என்று அந்நாட்டு மொழியில் பொருள்.

அங்கே நம்மை முதலில் எதிர்கொள்வது ஒரு வாடை. அழுகிய முட்டையை நினைவூட்டும் ஹைட்ரஜன் சல்பைடின் நெடி மூக்குக்குப் பழகுமுன்பே, ஹெங்கில் எரிமலையின் அடிவாரத்தில் பூமியின் உதரத்திலிருந்து எழும்பி நிற்கும் நீராவித் தூண்கள் கண்ணில் படுகின்றன. அந்த நீராவியைக் கொண்டு 2006-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் உற்பத்தி செய்வதோடு, தலைநகரின் வீடுகளுக்கு வெந்நீரும் அனுப்பிவருகிறது அங்குள்ள புவிவெப்ப மின்நிலையம். கரியோ எண்ணெயோ எரிக்காத நிலையந்தான். ஆயினும் நீராவியோடு கூடவே பூமிக்குள்ளிருந்து கரியமில வாயுவும் வந்துவிடுகிறது. அனல்மின் நிலையங்களின் புகையோடு ஒப்பிட்டால் அது சொற்பமே. அந்தச் சொற்பத்தையும் ஆகாயத்தில் விட மனம் ஒப்பாதவர்கள் செய்திருக்கும் காரியத்தைக் காணவே நான் அவ்வளவு தூரம் போனேன்.

பாசி படர்ந்த வெளியில், உருளியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வெள்ளி நிறக் கும்மட்டங்கள் சில நிற்கின்றன. அவற்றினுள் பிரமாதமான யந்திரம் எதுவும் இல்லை. தரைக்குள் இறங்கும் குழாய்களும், அவற்றைத் திறந்து மூடும் திருகுகளும், காது கொடுத்தால் கேட்கும் நீரின் இரைச்சலுமே உண்டு. கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். நம் ஊர்க் கோலி சோடாவேதான் அது. புட்டியின் வாயில் கோலி அடைத்துக்கொண்டிருப்பதுபோல, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தம் வாயுவைக் குமிழியாகப் பிரியவொட்டாமல் தடுக்கிறது. வாயு கரைந்த நீர் சாதாரண நீரைவிடக் கனமானதாதலால் மேலே வரவும் நினைப்பதில்லை.

கீழே இருப்பது பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. அஜந்தாக் குகைகளைக் குடைந்தெடுத்த பாறையும் இந்த இனமே. புளிப்பேறிய சோடா நீர் அதன் துளைகளிலும் விரிசல்களிலும் புகுந்ததும், பாறையிலுள்ள கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவை கரைந்து, கரியமில வாயுவோடு கூடி, வெள்ளைப் படிகங்களாக அத்துளைகளிலேயே உறைந்துவிடுகின்றன. வெந்நீர்த் தவலையின் அடியில் படியும் சுண்ணாம்பு ஏட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆகாயத்து வாயுவைச் சிறிது ஏந்திவரும் மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து ஆதிகாலந்தொட்டு இதையே செய்துவருகிறது. அதற்கோ யுகங்கள் வேண்டும்.

மனிதர் செய்தால் எத்தனை காலம் ஆகும் என்பதே கேள்வி. ரெய்க்யவிக்கின் எரிசக்தி நிறுவனமும் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு, அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து தொடங்கிய கார்ப்ஃபிக்ஸ் என்னும் திட்டத்தில், 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 175 டன் வாயுவை உள்ளே செலுத்தினார்கள். கல்லாவதற்கு நூற்றாண்டுகள் பிடிக்கும் என்பதே அறிவுலகின் பொதுவான எண்ணமாக இருந்தது. அடையாளத்துக்காகக் கதிரியக்கமுள்ள கரியணுக்களையும் உடன் சேர்த்தனுப்பிவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த கிணற்று நீரைச் சோதித்தவாறு காத்திருந்தனர். நீர் வந்தது, அது சுமந்து வரவேண்டிய கரி வரவில்லை. கிணற்றில் இறக்கியிருந்த பம்பிலேயே கால்சைட்டுப் படிகம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போனதில் 95 சதவிகிதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது என்ற செய்தி 2016-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது.

பூமியைத் துளைத்தெடுத்த அந்தப் பாறைத் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். உலக்கையின் ஒரு கணுவைப்போல் உருண்டு, கருத்து, குளிர்ந்திருந்தது. மேனியெங்கும் எள்ளளவும் மிளகளவுமாக வெள்ளைப் புள்ளிகள். காற்றாக இருந்ததைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன் என்பதைத் தவிர, அப்போது என் மனம் அடைந்த பரவசத்தை வேறு எவ்விதமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பரவசத்தில் கணக்கை மறந்துவிடலாகாது. ஒரு டன் வாயுவைக் கரைக்க ஏறக்குறைய 25 டன் தண்ணீர் தேவை. பூமிக்குள் நீரைத் திருப்பிச் செலுத்துவதும் சாதுவான காரியமன்று: வாயுச் சோதனைக்கு முன்பே, 2011-இல், மின்நிலையத்தின் கழிவுநீரை உட்செலுத்தியபோது நிலம் அதிர்ந்து, மலைக்குக் கீழேயுள்ள க்வெராகெர்தி ஊர்மக்கள் கலங்கினார்கள். ஆகாயத்திலிருந்தே வாயுவை உறிஞ்சும் விசிறி யந்திரங்களையும் அண்மையில் அதே மேட்டில் நிறுவியிருக்கிறார்கள். 2024-இல் திறந்த பெரிய நிலையத்தின் முழுத் திறன் ஆண்டுக்கு 36,000 டன். மனித குலமோ நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து ஆண்டுதோறும் சுமார் 3,700 கோடி டன்னை ஆகாயத்தில் விடுகிறது. எரிப்பதைக் குறைக்காமல் புதைப்பதை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்த மேடு ஆறுதல் தராது. அதை அங்கே உழைப்பவர்களே முதலில் சொல்கிறார்கள்.

நான் விடைபெற்றுப் புறப்படுகையில் மழை பிடித்துக்கொண்டது. ஆகாயத்தின் கரியமில வாயுவை அணுவளவு ஏந்திய அந்தச் சன்னமான துளிகள், பாசியை நனைத்து, அதன் படலத்தைக் கடந்து, கருங்கல்லின் விரிசல்களைத் தேடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. அருகே கும்மட்டத்துக்குள் குழாயின் நீரும் அதே திசையில் விரைந்துகொண்டிருந்தது.