பின்னால் தூக்கிப் போடுகிறதா? ஸ்பிரிங்கை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது நாமினேஷன், கே.ஒய்.சி. பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். "இல்லை சார், உங்க மாருதி கதையைச் சொல்லுங்க" என்றார். நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். ஆனால் நம் தெருக்களில் நிற்பவற்றில் பாதி பழைய வண்டிகள். அதனால் சொல்கிறேன்.

என்னுடையது மாருதி 800. 2014 ஜனவரியோடு அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆக, இருப்பதிலேயே இளைய 800-க்கும் பத்து வயது தாண்டிவிட்டது. போன ஐப்பசி மழையில் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு சி.டி.எச். ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் மனைவியும் பேத்தியும். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. பிரேக் போட்டேன். அந்த இடத்தில் ரோடு ஒட்டுப் போட்டு மேடும் பள்ளமுமாக இருந்தது. பின்சக்கரங்கள் குதித்தன; வண்டியின் பின்பக்கம் இடதுபுறமாக இழுத்துக்கொண்டு போனது. ஆட்டோவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். பேத்திக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு வீடு வரும்வரை கை நடுக்கம் அடங்கவில்லை.

இரண்டு மாதம் முன்புதான் "பின்னால் தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருந்தேன். "ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு சார்" என்று சொல்லி, காயில் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்து அனுப்பினார்கள். வண்டி கொஞ்சம் உயர்ந்து நின்றது. நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். அங்கேதான் தப்பு.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் தானாக நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே எண்ணெயும், சிறு துளைகள் உள்ள பிஸ்டனும் இருக்கின்றன. எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. (ஆவடி தொழிற்சாலையில் செய்யும் டாங்கிக்கும் ஷாக் அப்சார்பர் உண்டு.) ஆகவே, வண்டி நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஓடும்போது குதித்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். செத்துப்போன ஷாக் அப்சார்பரோடு ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கினால் குதிப்பு கூடத்தான் செய்யும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். பின்மூலையை இரண்டு மூன்று முறை நன்றாக அமுக்கி, கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் சரியில்லை. இதில் தேறிவிட்டது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பாதி தேய்ந்தது இதில் தெரியாது. குனிந்து பாருங்கள். உடம்பில் லேசான ஈரப்படலம் இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பின்டயரின் மேல் உள்ளங்கையைத் தடவுங்கள். அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்பட்டால் சக்கரம் குதித்து ஓடியிருக்கக்கூடும். எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று: மோசமான ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு பின் ஷாக் அப்சார்பரையும் தொட்டுப் பாருங்கள். சைலன்சரில் கை படாமல் ஜாக்கிரதை. ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. என் வண்டியில் வலதுபக்கம் அப்படித்தான் இருந்தது.

மெதுவாகப் போகும்போது "கடக் கடக்" என்று மட்டும் சத்தம் வந்தால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்தான் தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் செலவு கொஞ்சம்தான்.

மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாக ஆடும். எண்ணெய் மாற்றி சீல் போட்டுத் தருகிறோம் என்பார்கள். நான் அதற்குப் போகவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பில்லோடு புதிதாக வாங்கினேன். புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி வாங்கலாம், ஷாக் அப்சார்பர் வேண்டாம்.

நீங்களே செய்தாலும், பக்கத்தில் நின்று பார்த்தாலும், வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஸ்டாண்ட் வேண்டும், முன்சக்கரத்துக்கு முட்டு வேண்டும். ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன் ஆக்ஸிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆக்ஸில் கீழே தொங்கி ஸ்பிரிங் நழுவும், பிரேக் ஹோஸ் இழுபடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற வண்டிகளில் நட்டு துருப்பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கடையில் படுத்துக் கிடந்த புது ஷாக் அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கிவிட்டுப் பொருத்த வேண்டும், உள்ளே புகுந்த காற்று விலகிவிடும்.

பல மெக்கானிக்குகள் அவசரத்தில் விட்டுவிடுவது ஒன்று. புஷ் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். தூக்கி வைத்து முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும்.

ரப்பர் பஃபரையும் கழற்றச் சொன்னேன். கழற்றிய பிறகு சமதரையில் நிறுத்திப் பார்த்தால் வண்டி தாழவே இல்லை. ஸ்பிரிங்கில் குறையே இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பூங்கா வாசலில்தான் இருப்பேன். சந்தேகம் இருப்பவர்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள், அமுக்கிப் பார்த்துவிடலாம். டிக்கியில் இருக்கும் அரிசி மூட்டையை மட்டும் இறக்கிவிட்டு வாருங்கள்.