வட்டிக் கணக்கில் நேர் மாறல்



நம்ம பிள்ளைங்க பள்ளியில் படிக்கிற 'நேர் மாறல்' நம்ம குழுக் கணக்கிலேயே இருக்கு. நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் 5,000-க்கு 50, 10,000-க்கு 100. கடன் இரண்டு மடங்கானால் வட்டியும் இரண்டு மடங்கு. நூற்றுக்கு 1 என்பது மட்டும் மாறாது. அதுதான் மாறிலி.

வெளியே ஒருவர் மாதம் 5,000-க்கு 150, 10,000-க்கு 250 கேட்கிறார் என்று வைப்போம். முதலாவது நூற்றுக்கு 3, அடுத்தது இரண்டரை. எண் மாறுதே! கூடுதல் 5,000-க்கு 100 தான் ஏறியிருக்கு. அப்படியானால் வட்டி நூற்றுக்கு 2. மீதி 50 ரூபாய் வேறு ஏதோ பிடித்தம். சின்னக் கடன்காரிக்கே இதில் பாரம் அதிகம்.

அந்த 50 எதற்கு என்று கேட்போம். பதில் தெரிந்த பிறகே கையெழுத்துப் போடுவோம்!