ஆறுதல் சொன்னவரா? எழுப்பி விட்டவரா?

(இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர். தலைப்பு: திரைப்பாட்டில் படைப்புத் திறத்தால் விஞ்சி நிற்பவர் கண்ணதாசனா? பட்டுக்கோட்டையாரா? – "பட்டுக்கோட்டையாரே!" அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் தவறான இடத்தில் அமர்ந்திருக்கிற நல்ல நண்பர்களே! (சிரிப்பு)

நான் பக்கத்து ஊரு, ராஜபாளையம். எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் நாய்தான் ஞாபகத்துக்கு வருது. உங்க ஊரைச் சொன்னா பால்கோவா! என்ன நியாயம் பாருங்க. (சிரிப்பு) பயப்படாதீங்க நடுவர் அவர்களே, நான் கடிக்க மாட்டேன். ஆனா ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டேன். (கைதட்டல்)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவியரசரைக் குறைத்துப் பேச நான் இங்கே வரவில்லை. அவர் பாட்டைக் கேட்டு அழாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? தலைப்பு யாரைப் பிடிக்கும் என்பதல்ல. படைப்புத் திறத்தால் விஞ்சி நிற்பவர் யார் என்பது. அதை மட்டும் பார்ப்போம்.

எதிரணித் தலைவர் மூன்று வாதம் வைத்தார். ஒன்று, எண்ணிக்கை. "எங்கள் கவிஞர் ஆயிரக் கணக்கில் எழுதினார், உங்கள் ஆள் நூற்றுக் கணக்கோடு நின்றுவிட்டார்" என்றார். ஐயா, எந்த ஊரில் நின்றுகொண்டு எண்ணிக்கை பேசுகிறீர்கள்? இந்த ஊரிலேயே இரண்டு பாட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் அப்பா, ஒருவர் மகள். நாலாயிரத்திலே பெரியாழ்வார் பாடியது 473. ஆண்டாள் பாடியது திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173. எண்ணிக்கையை வைத்து அப்பாதான் பெரிய கவி, பொண்ணு சின்னக் கவின்னு இந்தத் தெருவிலே நின்னு சொல்லிப் பாருங்க! தேர் வடத்திலேயே கட்டிப் போட்டுருவாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அப்பாவுக்குப் பெருமை பல்லாண்டு. மகளுக்குப் பெருமை மார்கழி. தலையை எண்ணி ஓட்டுப் போடலாம், பாட்டை எண்ணிப் பட்டம் கொடுக்க முடியாது.

இரண்டாவது வாதம், விருது. 1968இல் வந்த 'குழந்தைக்காக' படத்துக்குத் தேசிய விருது, 1980இல் 'சேரமான் காதலி'க்குச் சாகித்ய அகாதெமி விருது. மறுக்கவில்லை, பெருமைதான். ஆனா விருது வாங்க ஆள் உயிரோட இருக்கணுமா இல்லையா? செங்கப்படுத்தான்காட்டிலே 1930 ஏப்ரல் 13இல் பிறந்த மனிதர், 1959 அக்டோபர் 8இல் போய்விட்டார். வயது 29! பாட்டெழுதுகிறவனுக்குத் தேசிய விருது என்ற ஒன்றை இந்த நாடு யோசிப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, நான் ஒரு கணக்குப் போடுகிறேன். கண்ணதாசன் பிறந்தது 1927. அவருக்கு 29 வயது என்றால் 1956. அந்த வருஷத்தோடு அவர் பேனாவை மூடி வைத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சும்? 'பாவமன்னிப்பு' 1961. கிடையாது. 'பாசமலர்' 1961. கிடையாது. 'பாலும் பழமும்' அதே 1961. கிடையாது. 'கர்ணன்' 1964. கிடையாது. இன்று எதிரணியினர் உருகி உருகிச் சொன்ன பாட்டு ஒன்றுகூட இருக்காது! எங்கள் கவிஞர் திரைத்துறையில் இருந்தது ஏறத்தாழ ஐந்தே ஆண்டு. போன பிறகும் அவர் பாட்டு வந்துகொண்டே இருந்தது. 'இரும்புத்திரை' 1960, 'திருடாதே' 1961, 'அரசிளங்குமரி' 1961. ஆள் இல்லை, பாட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது ஐயா! (கைதட்டல்)

மூன்றாவது வாதம்தான் கெட்டிக்காரத்தனமானது. எதிரணி அம்மா சொன்னார்கள்: "ஆண்டாள் தன் திருமணக் கனவைத் தோழியிடம் சொன்னாள். 1961இல் 'பாக்கியலட்சுமி' படத்திலே, கணவனை இழந்த ஓர் இளம்பெண் தன் கனவைத் தோழியிடம் சொல்வதாகக் கண்ணதாசன் எழுதினார். கிருஷ்ண கானம் படைத்தார். ஆகவே ஆண்டாளின் வாரிசு அவரே!" நல்ல வாதம். நானே உள்ளுக்குள்ளே கைதட்டினேன். (சிரிப்பு) அது பெரிய பாட்டுத்தான். நடக்கப் போகிற கல்யாணத்தை ஆண்டாள் கனவு கண்டாள். முடிந்துபோன கல்யாணத்தை அந்தப் பெண் கனவு காண்கிறாள். பழைய பாத்திரத்திலே புதுக் கண்ணீரை ஊற்றினார் கண்ணதாசன். வணங்குகிறேன்.

ஆனா அம்மா, நாச்சியார் திருமொழியை மட்டும் எடுத்துக்கிட்டு திருப்பாவையை ஏன் வீட்டிலே வச்சிட்டு வந்தீங்க? திருப்பாவையிலே ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரைக்கும், பத்துப் பாட்டிலே, அந்தப் பொண்ணு என்ன செய்யுது? வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டி எழுப்புது! தான் மட்டும் போய் நீராடிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாமே. வரவில்லை. எல்லாரும் எழுந்திருங்கள், சேர்ந்து போவோம் என்கிறாள். கனவு கண்டதும் ஆண்டாள். தூங்கினவர்களை எழுப்பினதும் ஆண்டாள். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்திலே, தூங்கிக் காலத்தைக் கோட்டை விடாதே என்று ஒரு தம்பியை உலுக்கி எழுப்பினாரே, அவர் யாரு? அந்தக் கதவைத் தட்டின கைக்கு வாரிசு பட்டுக்கோட்டையார் ஐயா! (பலத்த கைதட்டல்)

(நடுவர்: ஆண்டாளை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுட்டீங்க!)

பிரிக்கலை ஐயா. எங்களுக்கு முப்பது பாட்டே போதும், 143ஐ அவங்களுக்கே விட்டுட்டோம். (சிரிப்பு)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1962இல் 'சுமைதாங்கி' படத்திலே கண்ணதாசன் ஒரு பாட்டு எழுதினார். மனம் குழம்பி நிற்கிறவனுக்கு ஆறுதல் சொல்கிற பாட்டு. வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த வாலியைச் சென்னையிலே நிறுத்தி வைத்தது அந்தப் பாட்டுத்தான் என்று வாலியே சொல்லியிருக்கிறார். ஒரு கவிஞனின் பாட்டு இன்னொரு கவிஞனையே காப்பாற்றியது. இதைவிடப் பெருமை ஒரு பாட்டுக்கு என்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பாட்டு சொல்கிற மருந்து என்ன? உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள் என்பது. நல்ல மருந்துதான். வலி குறையும். ஆனா நான் கேட்கிறேன், எனக்குக் கீழே ஒருத்தன் கிடக்கிறான் என்பது எனக்கு ஆறுதலா? அவன் ஏன் கீழே கிடக்கிறான் என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியைப் பாட்டுக்குள்ளே வைத்தவர் பட்டுக்கோட்டையார். அதே 'நாடோடி மன்னன்' படத்திலே ஒரு ஜோடிப் பாட்டு. காதல் பாட்டு என்று நினைத்துக் கேட்டால், இவ்வளவு விளைந்தும் உழைத்தவன் கையிலே என்ன மிச்சம் என்று அந்தப் பெண் கேட்கிறாள். அவன் கொஞ்சவில்லை, பதில் சொல்கிறான். காதலியும் காதலனும் பேசிக்கொள்கிற இடத்திலே நாட்டின் கணக்கு வழக்கைக் கொண்டுவந்து வைத்து, அதையும் மெட்டுக்குள்ளே உட்கார வைத்தாரே, இது படைப்புத் திறம் இல்லையா?

எங்க ஊரு பஞ்சாலை ஊரு. 1936இலே ராஜபாளையம் மில் வந்ததிலிருந்து ஊருக்கே சங்குதான் கடிகாரம். எங்கப்பா ஒரு மில்லிலே ரிங் பிரேம்லே வேலை பார்த்தாரு. எந்த மில்லுன்னு வேண்டாம். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தலையிலே, புருவத்திலே பஞ்சு ஒட்டியிருக்கும். படிப்பு மூணாங் கிளாஸ். சம்பளக் கவரை அப்படியே அம்மா கையிலே குடுத்துருவாரு. அதுக்குள்ளே ஒரு சீட்டு இருக்கும். ஏதோ பிடித்தம் போட்டிருக்கும். அவரு கேட்டதே இல்லை.

'இரும்புத்திரை' மில் தொழிலாளி கதை. அதிலே, வாங்கின சம்பளம் எங்கே போச்சு என்று தொழிலாளி தேடுகிற ஒரு பாட்டு உண்டு, பட்டுக்கோட்டையார் எழுதினது. டீக்கடை ரேடியோவிலே அது ஓடும்போதெல்லாம் அத்தனை பேரும் சிரிப்பாங்க. அப்பாவும் சிரிப்பாரு. ஒரு சம்பள நாள் ராத்திரி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கிட்டே வந்தவரு, அஞ்சாம் வகுப்புப் படிச்ச என்கிட்ட அந்தச் சீட்டை நீட்டி, "இதிலே என்னடா எழுதியிருக்கு, வாசி"ன்னாரு. வாசிச்சேன். என்னைக்கோ வாங்கி, என்னைக்கோ அடைச்சு முடிச்ச ஒரு முன்பணத்துக்கு இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. மறுநாள் போய்க் கேட்டாரு. "ஐயா, இது எதுக்குங்க?" அவ்வளவுதான். அடுத்த மாசம் பிடித்தம் நின்னுபோச்சு.

இது புரட்சி இல்லைங்க. ஒரு கேள்வி. இருபது வருஷம் வாயைத் திறக்காத மனுஷனை வாயைத் திறக்க வச்சது ஒரு சினிமாப் பாட்டு. சிரிக்க வச்சுக்கிட்டே உள்ளே போய்க் கேள்வியை விட்டுட்டு வந்திருச்சு. (நீண்ட கைதட்டல்)

"சரி, உங்கள் ஆள் கொள்கைதான் எழுதுவார், காதல் வருமா?" என்று எதிரணி இளைஞர் கேட்டார். தம்பி, 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' பார்த்திருக்கீங்களா? ஸ்ரீதர் படம், ஏ.எம்.ராஜா இசை, பாட்டு பட்டுக்கோட்டையார். அதிலே ஒரு தீபாவளிப் பாட்டு ரெண்டு தடவை வரும். முதல்லே அவள் சந்தோஷமாப் பாடுவாள். பிறகு அதையே அவன் துக்கத்திலே பாடுவான். கவிஞர் என்ன செய்தார்? ஆடுவது என்பதற்கு முன்னால் ஓர் எழுத்தைப் போட்டு வாடுவது ஆக்கினார். ஒரே எழுத்து! பண்டிகை அதே பண்டிகை, மெட்டு அதே மெட்டு, வாழ்க்கை தலைகீழாகிவிட்டது. இருப்பதிலேயே சின்னக் கருவியை எடுத்துப் பெரிய வேலை பார்க்கிறவன்தானே நல்ல தொழிலாளி? (கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க. ஒரே ஒரு சாட்சியோடு முடிக்கிறேன். அந்தச் சாட்சி எங்கள் அணி ஆள் அல்ல, எதிரணியின் தலைமகன். பட்டுக்கோட்டையார் மறைந்தபோது அவருக்கு இரங்கற்பா எழுதியவர்களில் ஒருவர் கண்ணதாசன். ஒரே தொழில், போட்டியாளர். அவரே கலங்கிப் பாடினார் என்றால், இழந்தது எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்தவர் அவர்தானே!

நடுவர் அவர்களே! அழுகிறவனுக்குத் தோள் கொடுத்தவர் கண்ணதாசன். அந்தத் தோளிலேயே சாய்ந்து இருந்துவிடாதே, எழுந்து நில் என்று கை கொடுத்தவர் பட்டுக்கோட்டையார். தோள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் விடிந்தால் வேலைக்குப் போகிறவனுக்கு எது இல்லாமல் முடியாது? ஐம்பத்து நான்கு வயது வரை வாழ்ந்து ஒரு கடலைக் கொடுத்தவரோடு, இருபத்தொன்பதிலே முடிந்துபோனவரை நாம் இன்றைக்கும் எதிரே நிறுத்தி வைத்துப் பேசுகிறோமே, இந்தத் தலைப்பே எங்களுக்குச் சாதகமான தீர்ப்பு!

கதவைத் தட்டி எழுப்பினவள் ஊரிலே நின்று கேட்கிறேன். எழுப்பினவர் பக்கமே தீர்ப்பு வழங்குங்கள்.